ஜீப்பென்றால் ஒழுகத்தான் செய்யுமா?

‘ஜீப்பென்றால் ஒழுகத்தான் செய்யும்’ என்றொரு சொலவடை பட்டறைகளில் வழங்குகிறது. ஒழுகவில்லையென்றால் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று பொருள் என்பது அதன் பின்பாதி. முதன்முறை கேட்டபோது நாங்களும் சிரித்தோம். மூன்றாம் முறை அதே சக்கரத்தில் அதே இடத்தில் எண்ணெய் கசிந்தபோது சிரிப்பு வரவில்லை. இலக்கியம் பேசும் பக்கத்தில் அச்சு எண்ணெய்க்கு என்ன வேலை என்று கேட்கும் அன்பர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும். அந்தச் சொலவடை பொய்யானது, ஆபத்தானதும்கூட என்பதே இங்கே நாங்கள் சொல்ல வந்தது.

நாங்கள் நால்வர், ஒரே கல்லூரியில் பணியாற்றும் ஆசிரியர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் சிற்றூர்களில் வாய்மொழிப் பாடல்களைப் பதிவு செய்யும் ஆசையில் பங்கு போட்டு ஒரு பழைய ஜீப்பை வாங்கினோம். வாங்கியதோடு நின்றிருக்கலாம். மலைப்பாதைக்கு அது போதாது என்று எங்களில் இளையவர் சொல்ல, மற்ற மூவரும் தலையாட்டினோம். பட்டைச் சுருளில் கூடுதல் பட்டைகள் வைத்து வண்டியை மூன்று அங்குலம் உயர்த்தினோம். 28 அங்குல உயரச் சக்கரங்களைக் கழற்றி 31 அங்குலச் சக்கரங்களை மாட்டினோம். அவை உடலில் உரசாதிருக்க, சக்கரத்துக்கும் அதன் குடத்துக்கும் இடையே ஒன்றரை அங்குல ‘ஸ்பேசர்’ வளையங்களைச் செருகினோம். வண்டி உயர்ந்ததால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு மாறியது. அதைச் சரிக்கட்ட அச்சுக்கும் பட்டைச் சுருளுக்கும் நடுவே ஆப்பு வைத்தார்கள். இறுதியாக, துருப் பிடிக்காதிருக்க அடிப்பகுதி முழுவதும் கருநிறப் பூச்சைத் தெளித்தோம். ஜீப் கம்பீரமாகத்தான் இருந்தது.

நான்கு மாதம் கழித்து, பின்பக்க இடச் சக்கரத்தின் உட்சுவரில் கறுப்பாய் ஒரு கோடு வழிந்திருந்தது. அச்சின் ஆயில் சீல் போய்விட்டது என்றார்கள், மாற்றினோம். இரண்டாவது சீல் இரண்டு மாதம் தாங்கியது. மூன்றாவது ஐந்து வாரம். ஒவ்வொரு முறையும் ‘ஜீப்பென்றால்’ என்று தொடங்கும் அதே விளக்கம்தான் கிடைத்தது. சீல்களின் ஆயுள் தேய்ந்துகொண்டே வருகிறதே என்று கணக்குப் பார்க்க எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

அதைத் தோன்ற வைத்தது போடிமெட்டு. மலையிலிருந்து போடிக்கு இறங்கும் அந்தச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அன்று மாலை ஏலத்தோட்டத்து வேலை முடிந்து, வழக்கமான வண்டியைத் தவறவிட்ட பெண்கள் நால்வர் கைகாட்டினார்கள், ஏற்றிக்கொண்டோம். இரண்டு வளைவுகள் கடந்திருப்போம். பிரேக்கை அழுத்தியதும் வண்டி வலப்பக்கமாக இழுத்தது. எதிரே சரக்கு லாரி ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் வளைவின் உட்புறத்து மண்மேட்டில் வண்டியை உரசி நிறுத்தினார். எவருக்கும் அடியில்லை. பின்னால் அமர்ந்திருந்த பெண்களில் மூத்தவர், “என்ன தம்பி, எங்க வண்டி மாதிரியே இழுக்குது?” என்றார். அந்தக் கேள்வி இன்றளவும் எங்களை விட்டு அகலவில்லை.

இடப்பின் சக்கரத்தின் டிரம்மைக் கழற்றியபோது பிரேக் கட்டைகள் எண்ணெயில் ஊறிக் கிடந்தன. அச்சுக் குழாயின் முனையிலிருந்து ஒழுகும் எண்ணெய் தரையில் சொட்டுவதற்கு முன் செல்லும் இடம் அதுதான். இடப்பின் சக்கரம் பிடிக்கவில்லை, வலப்பின் சக்கரம் பிடித்தது, வண்டி இழுத்தது. ஏற்கெனவே பெரிய சக்கரத்தை மாட்டியதால் பிரேக்கின் பிடி குறைந்திருந்தது என்பதைப் பிறகுதான் உணர்ந்தோம். டிரம் அதேதான், கட்டையும் அதேதான், சக்கரத்தின் ஆரம் மட்டும் நீண்டிருக்கிறது. 28க்கு 31 என்றால் தரையில் கிடைக்கும் தடுப்பு விசை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். குறைந்துபோன அந்த விசையின் மேல்தான் எண்ணெயும் ஊறியது.

நான்காம் முறை நாங்கள் போனது, போடியின் புறத்தே தகரக் கொட்டகையில் தனியாக வேலை பார்க்கும் முதிய மெக்கானிக்கிடம். புதிய சீலை நீட்டினோம். அவர் அதை வாங்கவில்லை.

“பழசு எங்க சார்?”

“தூக்கிப் போட்டுட்டோம்ணே.”

“அதுதான வந்து சாட்சி சொல்லும்? சீலு தானா சாகாது சார். அதைக் கொல்றவன் வேற எங்கயோ இருக்கான். அவனப் பிடிக்காம புதுசு போட்டா, அதையும் கொல்லுவான்.”

பாடபேதம் ஆராய்வதைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. ஒரு சுவடியில் பிழை கண்டால், அந்தப் பிழை எந்த மூலத்திலிருந்து இறங்கி வந்தது என்று தேடச் சொல்லி வகுப்பில் பாடம் நடத்துகிறோம். எங்கள் வண்டிக்கு மட்டும் படியில் கண்ட பிழையைப் படியிலேயே திருத்திக்கொண்டிருந்தோம்.

அவர் செய்த சோதனையின் வரிசையை இங்கே பதிவு செய்வது கடமை எனக் கருதுகிறோம்.

முதலில், ஒழுகுவது எது என்று கேட்டார். டிரம்முக்குள் ஈரம் தெரிந்தால் அது அச்சின் எண்ணெயாகவும் இருக்கலாம், வீல் சிலிண்டரிலிருந்து கசியும் பிரேக் ஆயிலாகவும் இருக்கலாம். கியர் ஆயில் தடித்தது, கந்தக வாடை அடிப்பது. பிரேக் ஆயில் மெலிந்தது, பெயிண்டை உரிப்பது. ஐயமிருந்தால் கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் போதும்: கியர் ஆயில் மிதக்கும், ஜீப்புகளில் வழக்கமாக ஊற்றப்படும் பிரேக் ஆயில் நீரில் கரைந்துவிடும். எங்களுடையது மிதந்தது.

இரண்டாவது, எண்ணெயின் அளவு. அச்சுக்கூட்டில் எண்ணெய் நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை ஊற்றுவது மரபு. ஆனால் ஆப்பு வைத்து அச்சைத் திருப்பிய வண்டியில் அந்தத் துளையின் உயரமும் மாறியிருக்கும். பழைய விளிம்பை நம்பினால் அளவு பிழைபடும். அளவு மிகுந்தால், பக்கவாட்டில் சரிந்த பாதையில் எண்ணெய் ஒரு பக்கக் குழாய்க்குள் ஓடி அந்த முனையின் சீலை மூழ்கடிக்கும்; குறைந்தால் பல்சக்கரங்களும் பேரிங்கும் வறண்டு தேயும். தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் அளவை அளந்து ஊற்றுவதே சரி என்றார்.

மூன்றாவது, மூச்சுக்குழல். அச்சுக்கூட்டின் மேற்புறத்தில் ‘பிரீதர்’ என்ற சிறு மூடி உண்டு. வண்டி ஓடும்போது உள்ளே சூடேறி விரியும் காற்று வெளியேற அதுவே வழி. எங்கள் வண்டியில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. துருவுக்காகத் தெளித்த கரும்பூச்சு அதன் மேலும் படிந்து இறுகி, அதன்மேல் சேறும் அப்பியிருந்தது. கூட்டுக்குள் அடைபட்ட காற்று 27 பாகை செல்சியசிலிருந்து 87 பாகைக்குச் சூடேறினால் அதன் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு உயரும். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் 200 கிராம் எடை உள்ளிருந்து தள்ளுவதற்கு ஒப்பானது அது. இந்தச் சீல்கள் எண்ணெயைத் துடைத்து நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டவை. அழுத்தத்தை எதிர்த்து நிற்பதற்கு அல்ல. வழியற்ற காற்று சீலின் உதட்டைத் தூக்கிக்கொண்டு எண்ணெயோடு வெளியேறுகிறது. இதற்கு மறுதலையும் உண்டு. சூடான அச்சு குளிர்ந்த ஓடையில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். எண்ணெய் பாலேடு போல வெளுத்திருந்தால் அதுவே நடந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

நான்காவது, பேரிங். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடியது. எங்கள் வண்டியின் பின்னச்சு ‘செமி ஃப்ளோட்டிங்’ வகை. அதாவது, சக்கரத்தைச் சுழற்றும் தண்டே வண்டியின் பாரத்தையும் சுமக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் ஜீப்பின் பின்னச்சு ‘ஃபுல் ஃப்ளோட்டிங்’ வகை. அதில் பாரம் அச்சுக்குழாயின் மேல் இறங்க, தண்டு சுழற்றும் வேலையை மட்டுமே செய்தது. எங்களுடையதில் பேரிங் தேய்ந்தால் தண்டு தள்ளாடும். தள்ளாடும் தண்டை ரப்பர் உதடு எவ்வளவு நேரம்தான் தொடர்ந்து தழுவ முடியும்? பேரிங் ஏன் தேய்ந்தது என்பதற்கும் விடை அங்கேயே இருந்தது. ஸ்பேசர் வளையம் சக்கரத்தை ஒன்றரை அங்குலம் வெளியே தள்ளிவிட்டது. பாரம் இறங்கும் புள்ளி பேரிங்கைவிட்டு விலக விலக, நெம்புகோலைப் போல அது பேரிங்கைத் திருகும். கனத்த பெரிய சக்கரம் அதற்குத் துணை செய்தது.

ஐந்தாவது, தண்டின் மேற்பரப்பு. சீலின் உதடு படும் இடத்தை நகத்தால் நெருடிப் பார்க்கச் சொன்னார். நகம் தடுக்கியது. மூன்று சீல்களும் சேற்றுத் துகள்களும் சேர்ந்து இரும்பில் வாய்க்கால் வெட்டியிருந்தன. பள்ளத்தில் அமரும் புதிய உதடு முதல் நாளிலிருந்தே தோற்றுப்போகும். ஒவ்வொரு சீலின் ஆயுளும் முந்தையதைவிடக் குறைந்ததற்குக் காரணம் புரிந்தது. பள்ளம் ஆழமில்லையென்றால் மெல்லிய எஃகு உறை ஒன்றை அந்த இடத்தில் அழுத்தி ஏற்றலாம். ஆழமானால் தண்டையே மாற்ற வேண்டும். எங்களுக்கு உறை போதுமானதாக இருந்தது.

ஆறாவது, பொருத்தும் முறை. சீலின் உதடும் அதை இறுக்கிப் பிடிக்கும் நுண்சுருளும் எண்ணெய் இருக்கும் பக்கம் நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் எண்ணெய் தடவாமல் உலர்ந்தபடி ஏற்றினால் முதற்சில சுழற்சிகளிலேயே கருகும். சுத்தியலால் ஓரத்தில் தட்டினால் உலோக வளையம் கோணும். சம விட்டமுள்ள வட்டக் கருவியை வைத்துச் சீராக இறக்க வேண்டும். தண்டை உள்ளே செலுத்தும்போது அதன் முனையிலுள்ள பல்வரிசை உதட்டில் உராய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். தண்டைத் தாங்கிப் பிடித்தபடியே நுழைக்க வேண்டும். இத்தனையும் செய்ய அவருக்கு ஒரு முழு நாள் ஆனது. முன்னர் மூன்று முறையும் எங்கள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்திருந்தது. நாங்களும் அதை விரைவு என்று மெச்சிக் கூலி கொடுத்திருந்தோம்.

எண்ணெயில் ஊறிய பிரேக் கட்டைகளைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் பொருத்தலாமா என்று எங்களில் சிக்கனமானவர் கேட்டார். துளைகளுக்குள் இறங்கிய எண்ணெய் சூட்டில் மீண்டும் மேலே வரும், மாற்றியே ஆக வேண்டும், அதுவும் இரு பக்கமும் சேர்த்து என்று மறுத்துவிட்டார். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மறுபடியும் ஒரு பக்கமாகத்தானே இழுக்கும்?

வேலை முடிந்தபின் அவர் சொன்னதுதான் எங்களுக்குள் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. “வளையத்தைக் கழட்டுங்க, பழைய சைஸ் வீலுக்குப் போங்க. இல்லேன்னா ஆறு மாசத்துல திரும்ப என்னைப் பார்க்க வருவீங்க.” எங்களில் இளையவருக்கு மனமில்லை. வண்டியின் தோற்றமே போய்விடும் என்றார். அவர் வாதத்தில் நியாயமும் இருந்தது: கல் பாதையில் வயிறு தட்டாமல் போக உயரம் தேவைதான். ஆனால் உயரம் மட்டும் தனியாக வருவதில்லை என்பதை அந்த டிரம்மைத் திறந்து பார்த்தவர்கள் நாங்கள். உயரத்துக்காகச் சக்கரம், சக்கரத்துக்காக வளையம், சாய்வுக்காக ஆப்பு என்று ஒன்று மற்றொன்றை இழுத்து வந்தது. ஒவ்வொன்றும் தனியே பார்த்தால் சிறிது. மயிலிறகேயானாலும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்ததை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம்; அது அரசனுக்குச் சொன்னது என்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் தந்த விவரக்குறிப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அந்தப் பிரிவை விளக்கி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டியை மாற்றுவதற்கு முன் நாங்கள் இதைப் படிக்கவில்லை. அபராதத்துக்கு அஞ்சி இதைச் சொல்லவில்லை. அச்சு, பேரிங், பிரேக், சக்கரம் ஆகியவை ஒன்றையொன்று கணக்கில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. ஒன்றை மாற்றுகிறவன் மற்ற மூன்றுக்கும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன். நாங்கள் சொல்லவில்லை, சீல் சொன்னது.

பழைய மாட்டுவண்டிக்கும் அச்சுண்டு, மசகுண்டு. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையை மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கடியில் தொங்கவிட்டிருப்பார்கள். அது வழிந்தால் குடத்தைச் சுற்றிக் கறுப்பு அப்பும், அவ்வளவுதான், மீண்டும் தடவிக்கொள்வார்கள். ஒழுகுவது இயல்பு என்ற நம் மனப்போக்கு அந்தக் காலத்திலிருந்து வந்ததோ என்னவோ. ஆனால் அந்த வண்டிக்கு அச்சின் முனையில் டிரம் பிரேக் கிடையாது. அந்த எளிய வண்டியிலேயே உமணர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தார்கள் என்பதைப் புறநானூற்றின் 102ஆம் பாடல் காட்டுகிறது. உப்பேற்றிச் செல்லும் வழியில் மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று வண்டிக்கடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிவைத்தார்களாம். எழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டார் ஔவையார். உப்பு மூட்டைக்கே அத்தனை முன்யோசனை.

நம் மலைச்சாலைகளில் ஜீப்புகள் ஏற்றிச் செல்வது உப்பு மூட்டைகளை அல்ல. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் விடியுமுன் கிளம்பி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களைச் சுமந்து எத்தனையோ ஜீப்புகள் நாள்தோறும் ஏறி இறங்குகின்றன. இருக்கைக்கு மிஞ்சிய ஆட்கள், கூடுதல் பட்டை வைத்து வலுவேற்றிய சுருள்கள், மாற்றிய சக்கரங்கள் என்று அவற்றில் பலவும் எங்கள் வண்டியின் உறவுகளே. ஓட்டுநர்களைக் குறை சொல்வது எங்கள் நோக்கமன்று. ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைய வருமானம் போகும். ஒரு மணி நேர வேலைக்கும் ஒரு முழு நாள் வேலைக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குச் சோறு. மாதச் சம்பளக்காரர்களான எங்களுக்கே முழு நாள் செலவிட நான்காம் முறைதான் மனம் வந்தது. ஆயினும் ‘எங்க வண்டி மாதிரியே இழுக்குது’ என்று அந்த அம்மா இயல்பாகச் சொன்னாரே, அந்த இயல்புதான் அச்சமூட்டுகிறது. இழுப்பது வண்டியின் குணம் என்று நாள்தோறும் அதில் பயணம் செய்பவர்களே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அந்த ஏற்பின் அடியில் இருப்பது பட்டறைகளில் நாம் சிரித்துக்கொண்டே வழங்கும் அந்தச் சொலவடைதான்.

எங்களால் ஆகக்கூடியது சிறிது. வளையங்களைக் கழற்றிப் பழைய அளவுச் சக்கரங்களுக்குத் திரும்பினோம். சுருளில் சேர்த்த பட்டைகளையும் ஆப்புகளையும் எடுத்துவிட்டோம். மூச்சுக்குழலைச் சுத்தம் செய்து, அதில் ரப்பர் குழாய் இணைத்து, ஓடைநீர் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினோம். வண்டியின் கம்பீரம் பாதியாகிவிட்டது என்று இளையவர் இன்றும் குறைப்படுகிறார். இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. அந்த டிரம் உலர்ந்தே இருக்கிறது.

படிப்பவர்களில் மலைக்குப் போகும் வண்டி வைத்திருப்பவர்களும், அத்தகைய வண்டியில் ஏறுபவர்களும் இருக்கக்கூடும். நாங்கள் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: புறப்படுமுன் நான்கு சக்கரங்களின் உட்சுவரையும் குனிந்து பாருங்கள். இரண்டு நிமிடம் ஆகும். கறுத்த கோடு தெரிந்தால் அன்று மலை ஏற வேண்டாம். பட்டறையில் புதுச் சீலைக் கையில் எடுத்தால், பழையது எதனால் போயிற்று என்று கேளுங்கள். ஜீப்பென்றால் ஒழுகத்தான் செய்யும் என்று விடை வந்தால், வேறு பட்டறையைத் தேடுங்கள். மலையடிவாரத்து ஊர்களில் தகரக் கொட்டகைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் ஏதேனும் ஒன்றில், பழைய சீல் எங்கே என்று கேட்கும் ஒருவர் இருப்பார்.